எவ்வளவு வரும், அக்கா?

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் வழியில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது தென்னேரி. ஒரு பக்கம் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியை நம்பிய வீடுகள். மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். தறிக்கூலியும் கம்பெனிச் சம்பளமும் எட்டாத இடத்தில் மூன்றாவதாக ஒரு பிழைப்பு நுழைகிறது. பாத்திரம் துலக்கும் திரவம், புரோட்டீன் பவுடர், மூட்டுவலித் தைலம், முகத்துக்கு கிரீம். பையைத் தூக்கிக்கொண்டு வருபவர் அயலார் இல்லை. நாத்தனாராக இருப்பார், மகளிர் குழுவில் பக்கத்தில் உட்காருகிறவராக இருப்பார். பொருளைக் காட்டி முடித்ததும், "நீங்களும் ஒரு ஐடி போட்டுக்கோங்களேன்" என்று விற்பனையாளராகச் சேர அழைப்பார். அப்போது எல்லார் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு வரும் அக்கா?" அதற்கு நாடெங்கும் பழகிப்போன பதிலும் ஒன்றுதான்: "அது உங்க உழைப்பைப் பொறுத்தது."

பொய் என்று தள்ள முடியாத பதில். உண்மை என்று கொள்ளவும் முடியாத பதில். இத்தகைய நேரடி விற்பனையில் சொந்தப் பொறுப்பில் இறங்கியிருப்பவர்களை, வரவிருக்கும் அல்லது வரவேண்டிய வெளிப்படைத்தன்மை விதிகள் எப்படிப் பாதிக்கும் என்று கேட்டால், பேச்சு கடைசியில் இந்தப் பதிலில்தான் வந்து நிற்கிறது. பொருளைப் பற்றி வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவை நம் விதிகளில் நிறைய இருக்கின்றன. தொழிலைப் பற்றித் தொழிலில் சேர வருபவரிடம் சொல்ல வேண்டியதுதான் இல்லை.

முதலில் கணக்கு. இந்திய நேரடி விற்பனைச் சங்கம் 2023-24ஆம் ஆண்டுக்குச் சொன்னபடி, துறையின் விற்றுமுதல் 22,142 கோடி ரூபாய். விற்பனையாளர்கள் ஏறத்தாழ 88 லட்சம் பேர். வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய்ச் சொச்சம், மாதத்துக்கு 2,100. இது வருமானம் இல்லை, கைமாறிய சரக்கின் மதிப்பு. இதில் கமிஷன் எவ்வளவு? 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை, நேரடி விற்பனை நிறுவனமான ஆம்வேயின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் நிலமும் ஆலைக் கட்டடமும் அதில் அடக்கம். 2002-03 முதல் 2021-22 வரை நிறுவனம் திரட்டியது 27,562 கோடி, இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விநியோகஸ்தர்களுக்குக் கமிஷனாகப் போனது 7,588 கோடி என்று அமலாக்கத்துறை அப்போது சொன்னது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். எனக்கு வேண்டியது விகிதம் மட்டும். நூற்றுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு. அதை மேலே சொன்ன 2,100 மேல் வைத்தால் மாதம் அறுநூறு ரூபாய்க்கும் குறைவு.

ஒரு நிறுவனத்தின் விகிதத்தை மொத்தத் துறைக்கும் பொருத்துவது முரட்டுக் கணக்கு என்பது தெரியும். எம்.ஆர்.பி.க்கு விற்றால் கிடைக்கும் சில்லறை லாபம் தனி. தள்ளுபடிக்காக மட்டும் ஐடி போட்டவர்களும் 88 லட்சத்தில் உண்டு. ஆனால் இது சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. மேலே இருக்கும் சிலர் லட்சங்களில் வாங்கினால்தான் இந்த அறுநூறே வரும். கீழே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவும் தேறாது. மேடையில் காட்டப்படும் காரும் தாய்லாந்து பயணமும் யாருடையவை என்று அப்போது புரியும்.

வரவை விடச் செலவுதான் கண்ணில் படாதது. மாதக் கடைசியில் அப்லைனிடமிருந்து, அதாவது தன்னைச் சேர்த்துவிட்டவரிடமிருந்து, போன் வரும்: இத்தனை பிவி குறைகிறது, முப்பதாம் தேதிக்குள் போட்டுவிட்டால் ஐடி ஆக்டிவாக இருக்கும், இல்லாவிட்டால் டவுன்லைன் கமிஷன், அதாவது தான் சேர்த்தவர்கள் மூலம் வரும் கமிஷன், விழாது. பிவி என்பது ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனம் ஒட்டியிருக்கும் புள்ளி மதிப்பு. விற்க ஆள் இல்லாத மாதத்தில் அந்தப் புள்ளியைத் தானே வாங்கித்தான் நிரப்ப வேண்டும். உதாரணமாக, 1,800 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து 700 ரூபாய் கமிஷன் வந்தால், கணக்கில் 700 வரவு. வீட்டில், பரணில் ஷாம்பு. காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் மீட்டிங் என்றால் பஸ் செலவு, டிக்கெட் காசு, அன்றைக்குப் போகாமல் விட்ட தறிவேலை. இவை எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் வராது. கமிஷன் மட்டும் செல்போனில் எஸ்.எம்.எஸ். ஆக வரும், அது வருமானம் போலவே தோன்றும்.

சட்டம் இந்தத் தொழிலைப் பார்த்த விதம் நெடுங்காலம் போலீஸ் கண்ணால்தான். 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமே கையில் இருந்த முக்கிய ஆயுதம். 2007இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஆம்வேயின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆம்வே இந்தியாவின் தலைமை அதிகாரி 2013இல் கேரளத்திலும் 2014இல் ஆந்திரத்திலும் கைதானார். தடைச் சட்டத்துக்கு இரண்டே முகம்தான்: ஒன்று குற்றம், இல்லாவிட்டால் விடுதலை. இடையில் நிற்கும் சாதாரண விற்பனையாளர் என்ன சொல்ல வேண்டும், அவரிடம் என்ன சொல்லப்பட வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

2016 செப்டம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட நேரடி விற்பனை வழிகாட்டு நெறிமுறைகள் அந்த இடைவெளியை முதன்முதலாகத் தொட்டன. சேருவதற்குக் கட்டணம் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், விலகுவதற்கு அவகாசம் வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும் என்றன. சேரப்போகிறவருக்கு, நியாயமாக எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற தகவலைத் துல்லியமாகத் தர வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. வாசகம் நல்லதுதான், படிவம் இல்லை, சரிபார்ப்பவர் இல்லை. போதாக்குறைக்கு, ஆன்லைன் கடைகள் தங்கள் பொருளை அனுமதியில்லாமல் விற்கின்றன என்று நேரடி விற்பனை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2020 ஜனவரியில் இந்த நெறிமுறைகள் வெறும் ஆலோசனைதான், சட்டம் ஆகாது என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு வந்தவைதான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள். அதே ஆண்டு ஜூனில் வரைவு வந்தது, கருத்துக் கேட்கப்பட்டது, ஏற்கெனவே இயங்கிய நிறுவனங்களுக்கு 90 நாள் அவகாசமும் தரப்பட்டது. இவை ஆலோசனை இல்லை, சட்ட பலம் உள்ளவை. நிறுவனத்துக்கு இந்தியாவில் ஓர் அலுவலகமாவது இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் 48 வேலை மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். தன் விற்பனையாளர் விற்றதில் எழும் குறைக்கு நிறுவனமே பொறுப்பு. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு திட்டத்துக்கும் பணச் சுழற்சிக்கும் தடை. விற்பனையாளருக்கும் கடமைகள்: அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே நேரம் கேட்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது, தான் யார், எந்த நிறுவனம், எதற்கு வந்திருக்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், விலை, திருப்பித் தரும் முறை எல்லாம் விளக்க வேண்டும், நிறுவனம் அனுமதிக்காத துண்டறிக்கையைக் கொடுக்கக்கூடாது.

முன்கூட்டியே நேரம் கேட்கும் விதியைத் தென்னேரியில் வைத்துப் பாருங்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு போன் போட்டு, "நாளை நான்கு மணிக்கு உங்களைச் சந்திக்க அனுமதி உண்டா?" என்று கேட்க வேண்டும். சென்னை அடுக்குமாடியின் வாசல் மணியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. கிராமத்தில் ஆபத்து முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டுவதில் இல்லை. தெரிந்தவர் என்பதாலேயே மறுக்க முடியாமல் போவதில் இருக்கிறது. அந்த நெருக்கத்துக்கு அடையாள அட்டை மருந்தாகாது.

இந்த விதிகளின் சாய்வு இப்படி: பொருளை வாங்குபவர் ஒரு பக்கம், நிறுவனமும் விற்பனையாளரும் சேர்ந்து மறுபக்கம். பொய்யாக ஆசை காட்டிச் சேர்க்கக்கூடாது என்ற கண்டிப்பு உண்டு. ஆனால் போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் அச்சிட்டுச் சேருவதற்கு முன் கையில் கொடு என்ற கட்டளை இல்லை. தென்னேரிப் பெண் கையெழுத்திடும் இடத்தில் நடப்பது வேறு. செல்போன் செயலி, ஆங்கிலத்தில் நீண்ட ஒப்பந்தம், அடியில் ஒரு கட்டம். அப்லைனே போனை வாங்கி டிக் அடிப்பார், ஓ.டி.பி. மட்டும் கேட்பார். அவ்வளவுதான், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் முடிந்தது.

சேருபவரைக் காக்கும் விதியைப் பற்றி நெடுங்காலம் சண்டை போட்ட நாடு அமெரிக்கா. அங்கே கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1979இல் ஆம்வே வழக்கில் அந்த நிறுவனம் பிரமிடு இல்லை என்று தீர்த்தது. ஆனால் வருமானத்தைப் பெரிதாகக் காட்டக்கூடாது என்று தடையும் போட்டது. சராசரியைச் சொல்லாமல் அதற்கு மேற்பட்ட வருமானத்தை விளம்பரம் செய்ததற்காக 1986இல் ஆம்வே ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2006இல் ஆணையம் ஒரு பெரிய வரைவைக் கொண்டுவந்தது. சேருபவருக்கு ஒரு வெளிப்பாட்டுத் தாள் தர வேண்டும். தந்த பிறகு ஏழு நாள் கழித்தே பணம் வாங்கலாம். வருமானம் பற்றிப் பேசினால் சான்று வேண்டும். நிறுவனத்தின் மேல் உள்ள வழக்குகளையும் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் கணக்கையும் காட்ட வேண்டும். முன்பு சேர்ந்தவர்களில் அருகில் வசிக்கும் பத்துப் பேரின் பெயரும் தொடர்பு எண்ணும் தர வேண்டும். ஆயிரக்கணக்கான நேரடி விற்பனையாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். வந்த கடிதங்கள் 17,000ஐத் தாண்டின. 2008இல் ஆணையம் பின்வாங்கியது. 2011இல் இறுதியான விதி, ஆள் சேர்த்து விற்கும் இந்தப் பல அடுக்கு விற்பனையைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது.

அந்தக் கடிதங்களை நிறுவனங்கள் ஏவி எழுதியவை என்று ஒதுக்கிவிடுவது எளிது. எல்லாம் அப்படி இல்லை. பத்துப் பேரின் எண்ணைக் கொடு என்ற விதியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்த்தால் தெரியும். சேரப்போகும் யாரோ ஒருவருக்குத் தெருப் பெண்கள் பத்துப் பேரின் பெயரும் செல்போன் எண்ணும் அச்சிட்டுத் தரப்படும். அது யார் யார் கைக்குப் போகும், இரவில் யார் யார் கூப்பிடுவார்கள் என்று எந்தக் குடும்பமும் கவலைப்படும். வழக்குப் பட்டியலும் அப்படித்தான்: பெரிய நிறுவனத்தின் மேல் நூறு வழக்கு இருக்கும், நேற்று முளைத்த மோசடிக்கு ஒன்றும் இருக்காது. பட்டியலைப் பார்ப்பவர் நூறைக் கண்டு பயந்து பூஜ்யத்தை நம்புவார். இந்த இரண்டு எதிர்ப்பும் எனக்கு நியாயமாகவே படுகின்றன.

ஏழு நாள் காத்திருப்பை எதிர்த்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. சில நூறு ரூபாய்க் கிட் வாங்க ஒரு வாரமா என்று கேட்டார்கள். கிட் சில நூறுதான்; அதன் பின்னால் வரும் சரக்கு சில ஆயிரம். மண்டபத்தில் கைதட்டலுக்கு நடுவே எடுக்கும் முடிவு, வீட்டுக்குப் போய் மாமியாரிடமும் கணவரிடமும் வாயைத் திறந்து சொன்ன பிறகும் நிற்குமா என்று பார்க்க ஒரு வாரம் அதிகமில்லை. ஒரு வாரத்தில் ஆறிப்போகும் ஆசையை நம்பித்தான் இந்தத் தொழில் நடக்கிறது என்றால், அது எதிர்ப்பாளர்களே கொடுத்த வாக்குமூலம்.

வருமானத் தாள் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்கள் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல பாடம். நிறுவனங்கள் தாமாகவே வெளியிட்டு வந்த 70 வருமான அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் செலவு கழிக்கப்படவில்லை. ஒன்றும் சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டு மிச்சம் பேருக்குச் சராசரி போட்டிருந்தார்கள். மேல்தட்டுக்காரர்களின் தொகை பெரிய எழுத்தில், மற்றவை அடிக்குறிப்பில். விவரங்களைத் தோண்டி எடுத்தபோது, பெரும்பாலானோருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. 2025 ஜனவரியில் ஆணையம் மறுபடி ஒரு விதியை முன்வைத்தது: எழுத்துச் சான்று கையில் இல்லாமல் பல அடுக்கு விற்பனையில் வருமானம் பற்றிப் பேசக்கூடாது, கேட்டால் அந்தச் சான்றைக் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட தாளும் ஒரு முத்திரை போலத்தான். முத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது பட்டு நெய்யும் ஊருக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2004இல் பட்டு முத்திரை வந்தது, 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. முத்திரை பார்த்து வாங்கும் வாடிக்கையாளரும், போலியைப் பிடிக்கும் அதிகாரியும் இருந்த இடத்தில் அது உதவியது. இரண்டும் இல்லாத கடையில் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் இன்னும் போகிறது. வருமானத் தாளுக்கும் அதே கதிதான் நேரும்.

இங்கே அப்படி ஒரு தாள் கட்டாயமானால் செலவு தாங்காது என்பது நிறுவனங்கள் சொல்லக்கூடிய முதல் வாதம். எண் ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கிறது. கமிஷனுக்கு வருமான வரிச் சட்டத்தின்படி டி.டி.எஸ். பிடிக்கிறார்கள், 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம், 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால். யார் தாண்டினார், யார் தாண்டவில்லை என்று தெரியாமல் வரி பிடிக்க முடியாது. அதே ஐடியில் அவர் தனக்காக எவ்வளவு சரக்கு எடுத்தார் என்பதும் பில்லில் இருக்கிறது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, ஐடி போட்டவர்களில் பாதிப் பேர் இந்தத் தொகைக்குக் கீழே என்று ஒரே ஒரு வரி போட ஒரு மதிய நேரம் போதும். தள்ளுபடிக்காக மட்டும் சேர்ந்தவர்களைத் தனிக் கட்டத்தில் காட்டட்டும். அது நியாயம்தான், அவர்களையும் சேர்த்தால் உழைப்பவரின் எண் செயற்கையாகக் குறையும்.

நாணயமாக விற்கிறவருக்கு இதனால் என்ன ஆகும்? முதலில் அடி விழும். ஆள் சேர்ப்பது குறையும், டவுன்லைன் வற்றும். ஆனால் சோப்பும் பாத்திரமும் விற்று, சில்லறை லாபத்தில் மாதம் இரண்டாயிரம் பார்க்கும் பெண்ணுக்கு டவுன்லைன் எப்போதுமே பெரிய வரவு இல்லை. கார் கனவு காட்டுபவர்களோடு சேர்த்துத் தன்னையும் "செயின் கம்பெனி" என்று ஊர் ஏசுவதிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கும். வட மாவட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை. 2022இல் வெடித்த ஆருத்ரா நிறுவன விவகாரத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. அது முதலீடு திரட்டல், நேரடி விற்பனை இல்லை. ஆனால் தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடிக்கும் வலை ஒன்றேதான். பணம் கட்டிய பலரே ஏஜென்டாகவும் இருந்தார்கள். ஏமாந்தவரும் அவரே, சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்து நின்றதும் அவர் வாசலில்தான்.

இன்னொரு விளைவு அவ்வளவு இனிப்பாக இருக்காது. விற்பனையாளர் பேசியதற்கெல்லாம் நிறுவனம் பொறுப்பு என்றால், நிறுவனம் அவர் வாயைக் கட்டும். எந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடலாம், எந்த வார்த்தை சொல்லலாம் என்று பட்டியல் வரும். மீறினால் ஐடி முடக்கம். பெயருக்குச் சுயதொழில், நடைமுறையில் சம்பளமும் பி.எஃப்.பும் இல்லாத வேலை. ஐடி முடக்கப்பட்டால் ஏன் என்று கேட்கவும், சேர்ந்திருந்த கமிஷனைப் பெறவும் அவருக்கு உரிமை எழுதப்படாமல் வெளிப்படைத்தன்மை விதி மட்டும் இறுகினால், பாரம் கீழே இருப்பவர் தலையில்தான் இறங்கும்.

விதிகளைக் கண்காணிக்க மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 2021 அறிவிப்பு. அந்த ஏற்பாடு தென்னேரி வரை வரும்போது அதற்குத் தமிழில் ஒரு பக்கத் தாள், பெரிய எழுத்து, அப்லைன் இல்லாமல் சேருபவரையே போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டும் ஒரு குரல் ஆகியவை வேண்டும். சேருவதற்கு முன்பே.

சேர்ந்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கு பரணில் தேங்கிவிட்டவருக்கு வழி என்ன? விற்பதற்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது நிறுவனத்தின் வக்கீல் சொல்லும் முதல் பதிலாக இருக்கும். 2019 சட்டத்தின் விளக்கம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்திய பொருளை வணிக நோக்கத்திலிருந்து விலக்குகிறது. விற்பதற்கென்று எடுத்த ஷாம்பு அதில் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. தன் ஐடியை ஆக்டிவாக வைக்கத் தானே வாங்கி வீட்டில் பயன்படுத்திய பாதிச் சரக்குக்கு, தான் நுகர்வோர்தான் என்ற வாதம் வலுவாகவே நிற்கும். வழக்குப் போட டெல்லிக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடுத்துக்கொண்டு போக வேண்டியவை சரக்கு பில், கமிஷன் எஸ்.எம்.எஸ்.கள், மாதக் கடைசியில் அப்லைன் அனுப்பிய அந்த "பிவி குறையுது" வாட்ஸ்அப் செய்திகள். பலர் அவற்றை அழித்துவிடுகிறார்கள், சொந்தக்காரர் அனுப்பியது என்பதால்.